கிணற்றுக் கல்லில் கடற்சிப்பி: டெர்ஷியரி காலம் பற்றி வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தரத்துக்குப் புவியியல் படிக்கும் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிவரும் தாய் தகப்பன், குழாய்க்கிணறு அடிக்கிற பெடியள் என்று பலரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். முதலில் இலேசானவை, போகப்போகச் சிக்கலானவை. சோதனைக்கு மட்டும் படிக்கிறவர்கள் முதல் மூன்றோடு எழும்பிப் போகலாம், கோபிக்க மாட்டேன்.

டெர்ஷியரி காலம் எண்டா எப்ப தொடங்கி எப்ப முடிஞ்சது, சேர்?

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 25 இலட்சத்து 80 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. தொடக்கத்தில் டைனோசர்களின் அழிவு. முடிவில் வட அரைக்கோளத்தில் பெரும் பனிப்படலங்கள் வளரத் தொடங்கிய நேரம். இடையில் ஐந்து பிரிவுகள்: பலியோசீன் 5.6 கோடி ஆண்டுக்கு முன்பு வரை, இயோசீன் 3.39 கோடி வரை, ஒலிகோசீன் 2.3 கோடி வரை, மயோசீன் 53 இலட்சம் வரை, மிச்சம் பிளையோசீன்.

பிள்ளைகள் இதை வெறும் பெயர்ப்பட்டியலாகப் பாடமாக்குவது எனக்குக் கவலை. சார்ள்ஸ் லயல் என்ற பிரித்தானியப் புவிச்சரிதவியலாளர் 1833இல் இவற்றைப் பிரித்த முறை அவ்வளவு அழகானது. ஒரு பாறையில் கிடைக்கும் சிப்பி, நத்தை ஓடுகளில் எத்தனை பங்கு இன்றும் உயிரோடிருக்கும் இனங்கள் என்று எண்ணினார். இயோசீன் பாறையில் அப்படிப்பட்டவை மிகச் சில, மயோசீனில் கொஞ்சம் கூட, பிளையோசீனில் இன்னும் கூட. பலியோசீனும் ஒலிகோசீனும் பின்னால் வந்தவர்கள் சேர்த்தவை.

புத்தகத்தில டெர்ஷியரி எண்டிருக்கு, இன்ரநெற்றில பலியோஜீன், நியோஜீன் எண்டு கிடக்கு. எதை எழுதிறது?

இரண்டும் ஒரே காலத்தைத்தான் சொல்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான ஜொவானி ஆர்துயினோ பாறைகளை முதலாம், இரண்டாம், மூன்றாம் வரிசை என்று அடுக்கியதிலிருந்து டெர்ஷியரி வந்தது. இன்றைய சர்வதேச அட்டவணையில் அது உத்தியோகபூர்வமான பெயர் அல்ல. முதல் மூன்று பிரிவுகளைச் சேர்த்து பலியோஜீன் என்றும், மயோசீனையும் பிளையோசீனையும் சேர்த்து நியோஜீன் என்றும் சொல்கிறார்கள். விடைத்தாளில் கேள்வி எந்தப் பெயரில் வருகிறதோ அதிலேயே எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் பழகிய பெயரையே வைத்திருக்கிறேன்.

வன்னியில அந்தக் காலத்துக் கல்லு இருக்கோ, இல்லாட்டி எல்லாம் வெளிநாட்டுக் கதையோ?

இருக்கிறது, அதுவும் ஏராளமாக. முல்லைத்தீவுப் பக்கமிருந்து தென்மேற்காகப் புத்தளம் வரை ஒரு கோணல் கோட்டை மனதில் கீறிக்கொள்ளுங்கள். கோட்டுக்குத் தென்கிழக்கே, வவுனியாப் பக்கம், கிடப்பது மிகப் பழைய உருமாறிய பாறை. புவிச்சரிதவியலாளர் அதை வன்னித் தொகுதி என்கிறார்கள். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஆழத்தில் வெந்து நெரிபட்ட கல் அது. கோட்டுக்கு வடமேற்கே, பூநகரி, முழங்காவில், மன்னார்ப் பெருநிலத்தின் கரையோரம் எல்லாம், மணலுக்கும் களிக்கும் அடியில் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் இதே கல்லின் மேல்தான் இருக்கிறது. இதைப் பற்றி புவிச்சரிதவியலாளர்களான வேலண்டும் டேவிஸும் 1923இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள்.

குழாய்க்கிணறு அடிக்கிறவர்களுக்கு இது புத்தகம் பார்க்காமலே தெரியும். ஒரு பக்கத்தில் கறுப்பும் வெள்ளையுமாகக் கருங்கல் துகள் பறக்கும், மறுபக்கத்தில் வெள்ளைச் சேறு வரும். முருங்கன், முழங்காவில் பகுதிகளில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் நீர் மேலே உள்ள களிப்படையால் அடைபட்டு அழுத்தத்தோடு நிற்கிறது. அந்தப் பக்கத்து வயற்காரர் இறைப்பது மயோசீன் கடலின் தரையில் சேர்ந்த கல்லுக்குள் தேங்கிய மழைநீர். கேத்திலுக்குள் படியும் வெள்ளைப் படையும் அதே கல் கரைந்து வந்ததுதான்.

பூநகரியில கிணறு வெட்டேக்க சிப்பி, சங்கு பதிஞ்ச கல்லு வருது. சுனாமியில வந்ததோ?

இல்லை. 2004 சுனாமி மணலையும் சேற்றையும் நிலத்தின் மேலே கொண்டுவந்து போட்டது. கல்லின் உள்ளே இறுகிப் பதிந்த சிப்பி அப்படி வர முடியாது. மயோசீனின் முற்பகுதியில், ஏறத்தாழ 2 கோடியிலிருந்து 1.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்தப் பக்கம் ஆழமில்லாத இளஞ்சூட்டுக் கடல். முருகைகள், கடல் முள்ளெலிகள், சிப்பிகள், கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் போராமினிபெரா என்ற ஒருகல உயிர்கள், எல்லாவற்றின் ஓடும் கூடும் கடற்தரையில் சேர்ந்து இறுகிய கல் இது.

இந்த வயதை எப்படிச் சொல்கிறார்கள் என்றால், தபெரினா மலபாரிக்கா என்ற போராமினிபெரா யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது, கேரளத்தில் கொல்லத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இருக்கிறது. குறுகிய காலமே வாழ்ந்து மறைந்த இனம் என்பதால், அது கிடைத்தால் பாறையின் வயது ஓரளவு பிடிபட்டுவிடும். ஒரு எச்சரிக்கை: கல்லுக்கு மேலே மணலில் உதிரியாகக் கிடக்கும் சிப்பிகள் மிகப் பிந்தியவை. இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்து வயது கேட்டால் நான் என்ன செய்ய?

அப்ப வன்னியில டைனோசர் இருந்ததோ?

இருந்திருக்கலாம், ஆனால் தேடுவதற்கு ஏற்ற பாறை எங்கள் காலடியில் இல்லை. மேலே சொன்ன கோட்டின் ஒரு பக்கத்துக் கல் டைனோசருக்கு மிக முந்தியது, வெந்து உருமாறியது, எலும்பு எதையும் காக்காது. மறுபக்கத்துச் சுண்ணாம்புக்கல் டைனோசர் அழிந்து நாலு கோடி ஆண்டுக்கு மேல் சென்றபின் கடலில் உண்டானது. இலங்கையில் டைனோசர் காலத்துப் பாறை மேலே தெரிவது புத்தளம் பக்கம் தப்போவ, ஆண்டிகம போன்ற சிறு இடங்களில். அங்கே ஜுராசிக் காலத் தாவரப் பதிவுகள் கிடைத்திருக்கின்றன.

விண்கல் விழுந்துதான் டைனோசர் செத்தது எண்டு என்னெண்டு தெரியும்?

1980இல் லூயிஸ் அல்வாரெஸ், வால்ரர் அல்வாரெஸ் என்ற தகப்பனும் மகனும் இன்னும் இருவரோடு சேர்ந்து இத்தாலியின் குபியோ என்ற இடத்திலுள்ள மெல்லிய களிப்படையைச் சோதித்தார்கள். அதில் இரிடியம் அளவுக்கு மிஞ்சி இருந்தது. பூமியின் மேற்பரப்பில் அரிதான உலோகம், விண்கற்களில் அதிகம். அதே படை உலகின் பல இடங்களில் 6.6 கோடி ஆண்டு வயதோடு கிடைத்தது. பிறகு மெக்சிக்கோவின் யுகட்டான் கரையில், நிலத்துக்கும் கடலுக்கும் அடியில் புதைந்து கிடக்கும் சுமார் 180 கிலோமீற்றர் அகலப் பள்ளம் அடையாளம் காணப்பட்டது.

இந்தியாவின் தக்காணத்தில் அதே காலத்தில் பெரும் எரிமலைக் குழம்பும் ஓடிக்கொண்டிருந்தது. அழிவில் அதன் பங்கு எவ்வளவு என்பதில் விவாதம் முடியவில்லை. மொத்தத்தில் உயிரினங்களில் முக்கால் பங்கு போனது. தப்பிய சிறு முலையூட்டிகளும் பறவைகளும் காலியான இடங்களை நிரப்பிய கதைதான் டெர்ஷியரியின் உயிர் வரலாறு.

அந்தக் காலம் முழுக்க ஒரே வெக்கையோ?

இல்லை. முழுவதையும் ஒரே வசனத்தில் சொல்லச் சொன்னால்: கொதிப்பில் தொடங்கி, ஏறி இறங்கி, பனியில் போய் முடிந்த காலம்.

5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பலியோசீன் முடிந்து இயோசீன் தொடங்கும் இடத்தில், ஒரு பெரும் சூட்டுத் துள்ளல். காபன் பெருமளவில் வளிமண்டலத்துக்கும் கடலுக்கும் வந்து சேர, உலகச் சராசரி வெப்பநிலை 5 முதல் 8 பாகை வரை ஏறியது. கடல் அமிலமானது. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த போராமினிபெரா இனங்களில் மூன்றிலொன்று முதல் பாதி வரை அழிந்தன. நிலைமை பழையபடி வரச் சுமார் 2 இலட்சம் ஆண்டு எடுத்தது. அதன்பின் 5.3 முதல் 4.9 கோடி வரை நீண்ட வெப்பக் காலம். அப்போது காற்றில் காபனீரொட்சைட்டு பத்து இலட்சத்துக்கு ஆயிரம் பங்குக்கு மேல். தொழிற்புரட்சிக்கு முன் இது 280, இன்று 420க்கு மேல்.

பிறகு மெல்ல மெல்லக் குளிர்ச்சி. 3.4 கோடி ஆண்டளவில், இயோசீன் முடியும் இடத்தில், அந்தாட்டிக்காவில் பெரும் பனிப்படலம் பிடித்தது. காபனீரொட்சைட்டு குறைந்தது ஒரு காரணம். தென் அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் அந்தாட்டிக்காவை விட்டு விலகியதில், அதைச் சுற்றிக் குளிர் நீரோட்டம் ஓட வழி திறந்தது இன்னொன்று. மயோசீன் நடுவில், 1.7 முதல் 1.4 கோடி வரை, திரும்பவும் கொஞ்சம் சூடு. எங்கள் சுண்ணாம்புக்கல் உண்டான காலம் அந்தச் சூட்டை ஒட்டியது. அதற்குப் பிறகு இறக்கம்தான்.

அந்தாட்டிக்காவில காடு இருந்தது எண்டு சொல்லுறது உண்மையோ?

உண்மை. 2010இல் அந்தாட்டிக்காக் கரைக்கு அப்பால் கடற்தரையைத் துளைத்தபோது, இயோசீன் படிவுகளில் பனை, தென்னைக் குடும்பத்து மரங்களின் மகரந்தம் கிடைத்தது. மாரியிலும் உறைபனி இல்லாத கரையோரம் இருந்திருக்கிறது என்று அர்த்தம். வடதுருவப் பக்கம் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் முதலைக் குடும்பத்து விலங்குகளினதும் பெரிய ஆமைகளினதும் எலும்புகள் இருக்கின்றன. அங்கே அப்போதும் வருடத்தில் பல மாதம் இருட்டுத்தான், ஏனென்றால் சூரியன் வரும் கோணம் மாறவில்லை. குளத்துக்கட்டில் வெயில் காயும் எங்கள் முதலையின் உறவினர் மாதக்கணக்கான இருட்டில் எப்படிச் சமாளித்தன என்பதை நினைத்துப் பார்க்கச் சொல்லிப் பிள்ளைகளிடம் விட்டுவிடுவேன். இலண்டனுக்குக் கிழக்கே தேம்ஸ் முகத்துவாரத்திலும் இதே இயோசீன் காலத்து நீப்பாப் பனையின் காய்கள் களிக்குள் அள்ளிக்கொள்ளக் கிடைக்கின்றன.

வயலுக்குப் போடுற அசோலா பூமியையே குளிரப் பண்ணினதாம். பகிடியோ?

பகிடி இல்லை, ஆனால் கொஞ்சம் நிதானித்துச் சொல்ல வேண்டிய கதை. அசோலா நீரில் மிதக்கும் ஒரு சிறு பன்னம். 2004இல் ஆட்டிக் சமுத்திரத்தின் நடுவே துளைத்து எடுத்த படிவில், 4.9 கோடி ஆண்டு வயதுள்ள பல மீற்றர் தடிப்பான படையில் அசோலாவின் வித்திகள் நிறைந்திருந்தன. அப்போது ஆட்டிக் ஏறத்தாழ அடைபட்ட கடல். ஆறுகள் கொண்டுவந்த நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்தது. அதன் மேல் அசோலா பரவியது.

செத்துத் தாழ்ந்த அசோலா ஒட்சிசன் இல்லாத அடித்தரையில் உக்காமல் புதைந்தது. அப்படிப் புதைந்த காபன் வளிமண்டலத்திலிருந்து போனதுதான், அதில் சந்தேகம் இல்லை. மேலே சொன்ன நீண்ட குளிர்ச்சியைத் தொடக்கிவைத்ததில் அதற்கு எவ்வளவு பங்கு என்பதுதான் கேள்வி. தனி ஆளாகச் செய்தது என்று நம்ப வேண்டாம்.

யூரியூப்பில 50 அடிப் பாம்பு எண்டு காட்டுறாங்கள். பொய்தானே?

படம் பொய், பாம்பு மெய். குஜராத்தின் கச்சுப் பகுதியில் பானந்துரோ பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளந்தண்டு எலும்புகளை வைத்து, 2024இல் உரூர்க்கி ஐஐரி ஆய்வாளர்கள் வாசுகி இண்டிகஸ் என்ற பாம்பை விபரித்தார்கள். வயது 4.7 கோடி ஆண்டு, இயோசீன். நீளம் ஏறத்தாழ 11 முதல் 15 மீற்றர் என்பது மதிப்பீடு. முழு எலும்புக்கூடு இல்லாததால்தான் இவ்வளவு இடைவெளி. காணொளி போடுகிறவர்கள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். 50 அடி என்பது அதன் மேல் எல்லை.

கொலம்பியாவில் கிடைத்து 2009இல் விபரிக்கப்பட்ட ரைரனோபோவா பலியோசீன் காலத்தது, சுமார் 13 மீற்றர். பாம்பின் உடற்சூடு சுற்றாடலைப் பொறுத்தது. வெப்பமான உலகில்தான் அவ்வளவு பெரிய உடம்பு ஓடும். ஆகவே பாம்பின் பருமனையே அந்தக் காலத்து வெப்பநிலைக்குச் சாட்சியாக எடுக்கிறார்கள். எங்கள் வெங்கிணாந்தி, அதாவது மலைப்பாம்பு, இவற்றின் பக்கத்தில் சின்னப் பிள்ளை.

திமிங்கிலம் கால் வைச்சு நடந்ததாமே?

நடந்தது, அதுவும் எங்கள் துணைக்கண்டத்தின் கரையில். பாகிஸ்தானில் கிடைத்த பாக்கிசீற்றஸ் சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன் நாலு காலில் ஆற்றங்கரையில் திரிந்தது, காதெலும்பு மட்டும் திமிங்கிலத்துடையது. காஷ்மீரில் கிடைத்த இந்தோகியஸ் சருகுமான் அளவுள்ள குளம்பு விலங்கு, திமிங்கிலத்துக்கு மிக நெருங்கிய சொந்தம். அம்புலோசீற்றஸ் நீரிலும் நிலத்திலும் வாழ்ந்தது. இயோசீன் முடிவதற்குள் பசிலோசோரஸ் போன்றவை முழுக்கக் கடலில். ஒன்றரைக் கோடி ஆண்டுக்குள் நிலத்திலிருந்து சமுத்திரத்துக்குப் போன இந்தப் பயணத்தின் படிகள் ஒவ்வொன்றுக்கும் எலும்பு இருக்கிறது. பரிணாமத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

யானை அப்பவே வன்னியில நிண்டதோ?

மயோசீன் கடலுக்குள் யானை நிற்க முடியாது. யானைக் குடும்பம் ஆபிரிக்காவில் தொடங்கியது. மொரோக்கோவில் கிடைத்த எரித்தேரியம் சுமார் 6 கோடி ஆண்டு பழையது, எடை ஐந்தாறு கிலோ. ஒரு நல்ல பலாப்பழத்தின் நிறைகூட இல்லை. ஆபிரிக்காவும் அரேபியாவும் ஆசியாவோடு முட்டி நிலவழி திறந்தபின், மயோசீனில் அதன் வழித்தோன்றல்கள் ஆசியாவுக்கு வந்தன. இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் அவற்றின் பல்லும் தந்தமும் நிறைய. இன்றைய ஆசிய யானையின் இனம் ஆபிரிக்காவிலிருந்து புறப்பட்டதே டெர்ஷியரி முடியும் தறுவாயில்தான்.

யானைக்குக் கடலில் ஒரு சொந்தம் உண்டு, மன்னார் வளைகுடாவின் கடற்பசு. இரண்டுக்கும் ஒரே மூதாதை. ஜமேக்காவில் கிடைத்த இயோசீன் காலக் கடற்பசுவுக்கு நாலு காலும் இருந்தது. ஒட்டுசுட்டானில் வேலியை முறிக்கிறதும் மன்னாரில் வலையில் அகப்படுகிறதும் ஒன்றுக்கொன்று ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று சொன்னால் வகுப்பு சிரிக்கும், ஆனால் மறக்காது.

எங்கட பாலைக் காடும் மாரி மழையும் அந்தக் காலத்தில இருந்து வாறதோ?

மழையின் அடிப்படை அந்தக் காலத்தில் போடப்பட்டது. 6.6 கோடி ஆண்டுக்கு முன் இந்தியாவும் இலங்கையும் தென் அரைக்கோளத்தில் ஒரே தட்டில் வடக்கே ஓடிக்கொண்டிருந்தன. சுமார் 5 கோடி ஆண்டளவில் ஆசியாவோடு மோதல் தொடங்கியது. வேகம் குறைந்து இன்று வருடத்துக்கு ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர். அந்தக் கணக்கில் 2 கோடி ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீற்றர், அதாவது எங்கள் சுண்ணாம்புக்கல் படிந்தபோது வன்னி மத்திய கோட்டை ஒட்டி நின்றிருக்கும். மோதலில் எழுந்த இமயமும் திபெத்தும் காற்றின் போக்கை மாற்றின. மாலைதீவுப் பக்கத்துக் கடற்படிவுகளைத் துளைத்துப் பார்த்தவர்கள் தெற்காசியப் பருவக்காற்று சுமார் 1.3 கோடி ஆண்டுக்கு முன் சடுதியாக வலுத்ததைக் கண்டார்கள்.

வரண்ட காலம், ஈரக் காலம் என்று வருடம் இரண்டாகப் பிரிந்தபின்தான் பாலை, வீரை, முதிரை நிற்கிற மாதிரிக் காடு பொருந்தும். அதற்கு முந்திய துணைக்கண்டக் காடுகளை நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலும், திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் அடிமரங்களிலும் பார்க்கலாம், இரண்டுமே டெர்ஷியரி. புல்வெளியும் மயோசீனின் பிள்ளைதான். சுமார் 80 முதல் 60 இலட்சம் ஆண்டுக்கு முன், வரட்சியையும் குறைந்த காபனீரொட்சைட்டையும் தாங்கும் புல்வகைகள் சிவாலிக் சமவெளியில் பரவின. குரக்கன், சோளம், கரும்பு அந்த வகை ஒளித்தொகுப்புச் செய்பவை. நெல் பழைய வகை, அதனால்தான் தண்ணிக்கு அழுகிறது என்று ஒரு கமக்கார ஐயா விளக்கம் சொன்னார். முழுச் சரியில்லை, ஆனால் தப்பென்றும் தள்ள முடியாது.

இரணைமடுச் சிவப்பு மண்ணும் டெர்ஷியரியோ?

இல்லை, அதற்குப் பிந்தியது. இரணைமடுப் படிவு என்று புவிச்சரிதவியல் நூல்களில் ஊர்ப் பெயரோடு இருக்கும் அந்தச் சிவப்பு மண்ணும் சரளையும் குவார்ட்டனரி காலத்தவை. அந்த வகைப் படிவுகளில் மனிதர் செய்த கற்கருவிகளே கிடைத்திருக்கின்றன.

மன்னார்க் கடலில எரிவாயு கிடைச்சது எண்டாங்களே, அது?

2011இல் இரண்டு துளைகளில் கண்டார்கள். வாயு இருந்த பாறை டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அதற்கு மேலே தடித்த மூடியாகக் கிடப்பதுதான் டெர்ஷியரிப் படிவுகள்.

கோடி வருசத்துக்கு முந்தின வெப்பநிலையை ஆர் போய் அளந்தது? இதெல்லாம் ஊகம்தானே?

அளந்தது போராமினிபெரா. கடல்நீரில் 16 திணிவுள்ள ஒட்சிசனும் 18 திணிவுள்ள பாரமான சமதானியும் இருக்கின்றன. இந்த உயிர்கள் ஓடு கட்டும்போது, நீர் குளிரக் குளிரப் பாரமானது ஓட்டில் கூடும். நிலத்தில் பனிப்படலம் வளர்ந்தாலும் இலேசானது பனிக்குள் போய்ச் சேர, கடலில் பாரமானது கூடும். ஆகவே ஓட்டைக் கரைத்து விகிதத்தை அளந்தால் சூடும் பனியும் சேர்ந்த கணக்கு வரும். 1968இலிருந்து சமுத்திரத் தரையைத் துளைத்து எடுத்த படிவுகளில் இப்படி அளந்து, 6.6 கோடி ஆண்டுகளையும் தொடர்ச்சியாகக் காட்டும் ஒரு வரைபை 2020இல் வெளியிட்டார்கள்.

ஒரு சாட்சியை மட்டும் நம்புவதில்லை. நிலத்தில் இலைகளைப் பார்ப்பார்கள். வெப்பமான இடத்துக் காடுகளில் விளிம்பு பல்வெட்டில்லாத இலைகள் கூட. பாலை, கருங்காலி இலைகளைத் தடவிப் பாருங்கள். குளிர் நாடுகளில் பல்விளிம்பு இலைகள் கூட. கல்லில் பதிந்த இலைகளில் இந்த விகிதத்தை எண்ணினால் ஏறத்தாழ வெப்பநிலை வரும். ஓடும் இலையும் பாம்பும் முதலையும் ஒரே பக்கம் கை காட்டும்போது அதை ஊகம் என்று தள்ளுவது நியாயமில்லை.

பூமி அப்ப இப்பத்தையை விடச் சூடு, உயிரும் நல்லாத்தானே இருந்தது. பிறகேன் இப்ப சூடு கூடுது எண்டு கத்துறியள்?

எல்லாக் கேள்வியிலும் இதைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் கெட்டித்தனமான பிள்ளைதான் கேட்கும். விடை வேகத்தில் இருக்கிறது. இரணைமடுவுக்கு மாரி முழுக்க ஆறுதலாக வந்து சேருகிற தண்ணியைக் கட்டுத் தாங்கும், அதே தண்ணி ஓர் இரவில் வந்தால் கதை வேறு. இயோசீன் தொடக்கச் சூட்டுத் துள்ளலைப் பற்றி மேலே சொன்னேன். டெர்ஷியரியில் மிகச் சடுதியானது என்று எடுத்துக்காட்டும் அந்த நிகழ்விலேயே காபன் வெளியேறிய வேகம், மதிப்பீடுகளின்படி, இன்று நாங்கள் ஆண்டுதோறும் வெளியேற்றுவதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதற்கே ஆழ்கடல் அப்படி அடிபட்டது.

இரண்டாவது, அந்த உலகில் நெல் வயல் இல்லை, துறைமுகம் இல்லை, மனிதரே இல்லை. எங்கள் பயிர்களும் ஊர்களும் கடந்த பத்தாயிரம் ஆண்டின் அமைதியான காலநிலைக்குள் உண்டானவை. இயோசீன் வரை போகவும் தேவையில்லை. சுமார் 30 இலட்சம் ஆண்டுக்கு முன், பிளையோசீன் நடுவில், காபனீரொட்சைட்டு 400 அளவில் நின்றது, ஏறத்தாழ இன்றைய அளவு. அப்போது உலகம் தொழிற்புரட்சிக்கு முந்தியதை விட 2 முதல் 3 பாகை சூடு, கடல்மட்டம் இன்றையதை விடப் பல மீற்றர் உயரம், 15 மீற்றருக்கு மேல் என்று சொல்லும் மதிப்பீடுகளும் உண்டு. உயிர் அழியவில்லை, உண்மைதான். கரை இருந்த இடம்தான் வேறு.

அப்ப மயோசீன் மாதிரிக் கடல் திரும்பியும் வன்னிக்குள்ள வருமோ?

உலகப் பனி முழுவதும் உருகினால் கடல் 65 மீற்றருக்கு மேல் உயரும். அந்தாட்டிக்காவில் மட்டும் 58 மீற்றருக்கான பனி, கிறீன்லாந்தில் 7 மீற்றருக்கு மேல். அப்படியானால் கிளிநொச்சிச் சமவெளி கடல், வவுனியா கரையூர். ஆனால் அது ஆயிரக்கணக்கான ஆண்டு வேலை. உறுதிக் காணியைப் பற்றி யோசித்துக் கேட்டவர்கள் இப்போதைக்கு ஆறுதலடையலாம். காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை இந்த நூற்றாண்டின் முடிவுக்குச் சொல்லும் உயர்வு, வெளியேற்றத்தைப் பொறுத்து, ஏறத்தாழ 0.3 முதல் 1 மீற்றர்.

கரையோர வன்னிக்கு அந்த 1 மீற்றரே போதும். வெள்ளம் மேலால் வருவதற்கு முன் உப்பு கீழால் வரும். சுண்ணாம்புக்கல் கரைந்து ஓட்டையும் வெடிப்புமாக இருப்பது, அதற்குள் நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் உயர, நாங்களும் மோட்டர் போட்டுக் கூட இறைக்க, அந்தப் படை இரண்டு பக்கமும் மெலியும். பூநகரியில் உவராகிப்போன கிணறுகள் ஏற்கனவே இருக்கின்றன. புதுக்கிணறு அடிக்க நினைக்கிறவர்கள் ஆழத்தைக் கூட்டினால் நல்ல தண்ணி வரும் என்று கருங்கல் பக்கத்து அனுபவத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். கரையோரச் சுண்ணாம்புக்கல்லில் மேலால் களி மூடாத இடமென்றால், ஆழம் கூடக் கூட உப்புக்குத்தான் கிட்டப் போகிறீர்கள்.